ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி போடணும்? (குரூப் 4)

கேள்வி: 18 ஜனவரி 2025

ஜூலையில குரூப் 4 இருக்குன்னு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தோட அட்டவணையில போட்டிருக்கு. மூணு மாசமா தினம் 300 கேள்வி போட்டுட்டு வர்றேன். மாதிரித் தேர்வுல 200க்கு 128, 131, 126. அதே இடத்துல நொண்டிக்கிட்டு நிக்குது. 500 ஆக்கிடலாமான்னு இருக்கேன். எழுதி வேலைக்குப் போனவங்க யாராவது சொல்லுங்க, ஒரு நாளைக்கு எத்தனை போட்டீங்க?

18 ஜனவரி, ராத்திரி 11 மணி

500 வேண்டாம். 300ம் வேண்டாம். 60 போதும்.

2019ல எழுதிக் கோட்டை விட்டு, 2022ல எழுதி, 2023ல வேலையில சேர்ந்தவ நான். முதல் தடவை நானும் எண்ணிக்கைக் கட்சிதான். கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்னாடி 250, 280ன்னு தினம் எழுதி ஆணியில குத்தி வைப்பேன். அம்மா அதைப் பார்த்துட்டு பக்கத்து வீட்டுல சொல்லிப் பெருமைப்படும். முடிவு வந்த அன்னிக்கு அந்தத் தாள் கட்டை என்ன பண்றதுன்னு தெரியல.

உங்க கணக்கையே எடுத்துக்கோங்க. 200க்கு 130ன்னா மூணுல ஒண்ணு தப்பு. 300 போட்டா 100 தப்பு. அந்த 100ஐயும் எப்ப உக்காந்து பார்க்கிறீங்க? பார்க்கிறதே இல்ல. விடையைப் பார்த்து "அட, இதுவா"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவீங்க. நானும் போனவதான்.

19 ஜனவரி

நேத்து தூக்கக் கலக்கத்துல 60ன்னு அடிச்சு விட்டுட்டேன். காலையில தம்பி படிச்சுட்டு சிரிக்கிறான். (அவனும் இந்த வருஷம் எழுதுறான். இந்த இழை முழுக்க அவன் வந்து போவான், பொறுத்துக்கோங்க.) எதிர்ச்சொல் 60 போட இருபது நிமிஷம் கூட ஆகாது, நேரமும் வேலையும் 60 போட ஒரு நாளே போயிடும், ரெண்டும் எப்படிக்கா ஒண்ணாகும்னு கேட்டான். நியாயமான கேள்வி.

அதனால மாத்திச் சொல்றேன். போட்ட கேள்வியை எண்ணாதீங்க, தப்பை எண்ணுங்க. 15 தப்பு சேர்ந்ததும் பேனாவை மூடி வச்சிடுங்க. தெரிஞ்ச பாடம்னா 15 சேர 90 கேள்வி ஆகும், புதுப் பாடம்னா 30லயே நின்னுடும். மீதி நேரம் முழுக்க அந்த 15க்குத்தான்.

ஏன் 15? பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி என்னால ஒழுங்கா உக்காந்து நோண்டிப் பார்க்க முடிஞ்சது அவ்வளவுதான். உங்களுக்கு 10 ஆகலாம், 20 ஆகலாம்.

26 ஜனவரி

விடுமுறை நாள், கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

2019க்குப் படிச்சப்ப ஒரு வாரம் முழுக்க வட்டிக் கணக்கு. கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம், ரெண்டு வருஷம். அசலை வட்டி வீதத்தோட வர்க்கத்தால பெருக்கி 10,000ஆல வகுத்தா விடை. 8,000 ரூபாய், 5%, 2 வருஷம்னா 20 ரூபாய். ஒரே உக்காரல்ல 40 கணக்கு. கடைசி இருபதுல கேள்வியையே படிக்கல, மூணு எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டுட்டே போனேன். 40க்கு 39. அன்னிக்கு ராத்திரி நான்தான் கணித மேதை.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கலப்புத் தேர்வு. அதே மாதிரி கேள்வி, அதே 8,000, அதே 5%. கை தானா 20ன்னு போட்டுச்சு. விடை வரிசையில 20 'பி'ல ஜம்முனு உக்காந்திருந்தது. வட்டம் போட்டுட்டு நகர்ந்துட்டேன். கேள்வியில இருந்தது 3 வருஷம். விடை 61.

61 எப்படி வருதுன்னு தெரியாதான்னா, தெரியும். மூணாம் வருஷத்துக்குத் தனியா போட்டுப் பார்த்தா வந்துடும். "இது எந்த மாதிரிக் கணக்கு"ன்னு நின்னு யோசிக்கிற வேலையை மட்டும் நான் ஒரு நாளும் பழகவே இல்ல. ஒரே வகையில 40 போட்டா அந்த வேலையைப் புத்தகத்தோட தலைப்பே செஞ்சு கொடுத்துடுது. பரீட்சையில தலைப்பு இருக்காது. தனி வட்டிக்குப் பக்கத்துல பகடை இருக்கும், பகடைக்குக் கீழ கூம்போட கன அளவு இருக்கும்.

அதனால கலந்து போடுங்க. அஞ்சு பாடத்துல இருந்து நாலு நாலு. கடுப்பா இருக்கும்.

9 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார்: கலந்து போட ஆரம்பிச்சதுல இருந்து 119க்கு இறங்கிட்டேன், உங்க பேச்சைக் கேட்டது தப்பாப் போச்சுன்னு.

கொஞ்சம் வயித்தைக் கலக்கத்தான் செய்யுது. ஆனா இறங்கும். இதைப் பத்தி 2007ல ரோரர், டெய்லர்னு அமெரிக்காவுல ரெண்டு பேர் சோதிச்சே பார்த்திருக்காங்க. கல்லூரிப் பிள்ளைங்களுக்கு நாலு வகை வடிவத்தோட கன அளவு சொல்லிக் கொடுத்து, ஒரு கூட்டத்துக்கு வகை வகையாப் பயிற்சி, இன்னொரு கூட்டத்துக்குக் கலந்து. பயிற்சி நேரத்துல வகை வகையா போட்டவங்க 89%, கலந்து போட்டவங்க 60%. ஒரு வாரம் கழிச்சு ரெண்டு கூட்டத்துக்கும் தேர்வு வச்சா, முதல் கூட்டம் 20%, ரெண்டாவது கூட்டம் 63%. என் 39/40 எந்தக் கூட்டத்துல இருந்ததுன்னு சொல்லத் தேவையில்ல.

ஒரு திருத்தம் மட்டும். புத்தம் புதுப் பாடத்தை முதல் நாளே கலக்காதீங்க. 26ந்தேதி நான் எழுதினது அப்படி ஒரு அர்த்தம் கொடுக்குது. தம்பி வேலை-ஆட்கள் கணக்கை முதல் நாளே கலப்புல போட்டுட்டு, ஒண்ணும் புரியாம நோட்டைத் தூக்கி எறிஞ்சான். முதல்ல ஒரே மாதிரி எட்டு பத்து போட்டு, கை பழகட்டும். மறுநாள்ல இருந்து கூட்டத்துல விடுங்க.

2 மார்ச்

தப்பு நோட்டு பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க.

2020ல நான் வச்சிருந்த தப்பு நோட்டைப் பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம். கேள்வி நீல மையில, விடை பச்சையில, தலைப்பு சிவப்புல, கீழ அடிக்கோடு வேற. ஒரு தப்பை எழுத ஏழு நிமிஷம். எழுதி முடிச்சதும் படிச்சு முடிச்ச திருப்தி வந்துடும், அப்புறம் யாரு திறந்தா. 200 பக்க நோட்டு நிரம்பினப்ப எனக்கு ஞாபகம் இருந்தது எந்தக் கடையில பச்சை பேனா வாங்கினேங்கிறது மட்டும்தான்.

2022க்கு முன்னாடி மாத்தினேன். விடையை எழுதறதே இல்ல. கேள்வியை ஒரு வரியில சுருக்கி, எந்தத் தாள், எத்தனாவது கேள்வி, ஏன் தப்புன்னு நாலு வார்த்தை. ஓரத்துல தேதி. விடையைத் திரும்பவும் நானே போட்டுத்தான் பார்க்கணும், நோட்டு சொல்லாது. மூணு நாள் கழிச்சு ஒரு தடவை, அதுல சரியா வந்தா பத்து நாள் கழிச்சு, அதுக்கப்புறம் ஒரு மாசம். நடுவுல தப்பினா மறுபடி மூணு நாள். அவ்வளவுதான் என் இடைவெளிக் கணக்கு.

வேர்ச்சொல்லுல 'வெந்தது'. நான் 'வெந்'னு போட்டேன். சரி 'வே'. மூணு நாள் கழிச்சு சரி, பத்தாம் நாள் திரும்ப 'வெந்'. நாலு தடவை ஓரத்துல தேதி மாறிச்சு. அஞ்சாவது தடவை அடுப்படியில சோறு வடிக்கும்போது தானா வாயில வந்துச்சு, வேகுது, வெந்தது, வே. அதுக்கு அப்புறம் போகவே இல்ல. 300 புதுக் கேள்விக்கு நடுவுல இந்த அஞ்சு தடவை எனக்குக் கிடைச்சிருக்காது.

5 மார்ச்

மொபைல் செயலியில போடலாமான்னு கேட்டவருக்கு: பஸ்ஸுல போங்க, போடுங்க. கணக்கை மட்டும் பேப்பர்ல போடுங்க. தொட்ட உடனே பச்சை விளக்கு எரிஞ்சு பழகிட்டா, தேர்வு அறையில மூணு மணி நேரம் ஒரு விளக்கும் எரியாம உக்காந்திருக்கிறது பெரிய அவஸ்தை.

30 மார்ச்

ஒரு வயித்தெரிச்சல். ஒரு பயிற்சி மையத்தோட வினா வங்கி, பேர் வேண்டாம். அதுல அடிப்படைக் கடமைகள் எத்தனைன்னு கேட்டு விடை 10ன்னு போட்டிருந்தது. 42வது திருத்தம், 1976ல சேர்த்தப்ப 10 தான். 2002ல 86வது திருத்தத்துல ஒண்ணு சேர்ந்து 11 ஆச்சு, பிள்ளைங்களைப் படிக்க வைக்கிற கடமை. பள்ளிப் பாடப் புத்தகத்துலயே 11ன்னு தெளிவா இருக்கு. நான் 11ன்னு போட்டு, தப்புன்னு பார்த்து, என்னைத் திருத்திக்கிட்டு, ரெண்டு மாசம் 10ன்னு மனப்பாடம் பண்ணினேன். மூணு நாள், பத்து நாள், ஒரு மாசம், எல்லா இடைவெளியும் ஒழுங்கா கடைப்பிடிச்சு தப்பான விடையைச் செதுக்கி வச்சிருக்கேன்!

அதனால தப்பு நோட்டுல ஏறுற ஒவ்வொண்ணையும் ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் உள்ள பாடப் புத்தகத்துல ஒரு தடவை தேடிப் பார்த்துட்டு ஏத்துங்க. இதுக்கு நேரம் பிடிக்கும். 15 தப்புக்கு மேல வேண்டாம்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். பழைய வினாத்தாள்னா தேர்வாணையத்தோட தளத்துல இறுதி விடைக்குறிப்பைப் பாருங்க. முதல்ல வர்றது உத்தேச விடைதான், ஆட்சேபணைக்கு அப்புறம் மாறும். சில தளங்கள்ல உத்தேச விடையை எடுத்துப் போட்டுட்டு அப்படியே விட்டுடுறாங்க.

13 ஏப்ரல்

தம்பியோட நோட்டைத் திறந்து பார்த்தேன். 'கை தவறிடுச்சு'ன்னு தனியா ஒரு பக்கம். அதுல ஒரு மாசத்துல 31. கேட்டா, அதெல்லாம் தெரிஞ்சதுக்கா, கவனக்குறைவு, தப்புல சேராதுங்கிறான். 15 தப்பு வந்தா நிறுத்தச் சொன்னதுக்கு இவன் கண்டுபிடிச்ச சந்து இது.

உக்காந்து பிரிச்சோம். 31ல 12 "தவறான கூற்று எது"ன்னு கேட்டதுக்குச் சரியான கூற்றைப் போட்டது. 12! இது கை தவறினது இல்ல, கண்ணு தவறினது. இப்ப 'தவறான', 'பொருந்தாத', 'அல்லாத' எது வந்தாலும் பேனாவால ஒரு சுழி போட்டுட்டுத்தான் விடையைப் பார்க்கணும்னு சட்டம். அவனுக்கு எரிச்சல். இருக்கட்டும்.

27 ஏப்ரல்

அறிவிப்பு வந்துடுச்சு, 25ந்தேதி. 3,935 இடம், ஜூலை 12.

இப்ப எல்லாரும் பழைய வினாத்தாளைத் தூக்கிட்டு ஓடுவீங்க. கொஞ்சம் நில்லுங்க. சமீபத்திய அசல் குரூப் 4 தாள் நம்ம கையில ஒரு கை விரல் அளவுக்குத்தான் இருக்கு. 2018, 2019, 2022, 2024. தனியார் மாதிரித் தேர்வு ஆயிரம் கிடைக்கும், ஆனா தேர்வாணையம் எப்படிக் கேக்கும்ங்கிற மணம் இதுலதான் இருக்கும். 2019க்கு முன்னாடி நான் இருந்த தாளையெல்லாம் முதல் மாசமே சுண்டல் மாதிரி சாப்பிட்டு முடிச்சுட்டேன். கடைசி மாசம் அதையே திரும்பப் போட்டா 170, 175. விடை ஞாபகத்துல வந்த மார்க் அது, தெரிஞ்சு வந்தது இல்ல.

ரெண்டு தாளைப் பூட்டி வைங்க. எங்க வீட்டுல 2022, 2024 ரெண்டும் பீரோவுல, சாவி என்கிட்ட. மத்ததைத் துண்டு துண்டா பயிற்சிக்கு எடுத்துக்கலாம்.

புதுப் பாடத்திட்டத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. தமிழ் 100ல இலக்கணம் 25, இலக்கியமும் அறிஞர்களும் சேர்த்தே 15தான். பழைய தாள்ல இலக்கியம் அள்ளிக் கொட்டியிருக்கும், அதுல மார்க் குறைஞ்சா மனசு உடைய வேண்டாம். கணக்கும் திறனறிவும் அப்படியே 25.

18 மே

இது வரைக்கும் நான் கடிகாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, வேணும்னேதான். தப்பா போடுற ஒருத்தரை வேகமா போடச் சொன்னா வேகமா தப்பு போடுவார். இப்ப எட்டு வாரம் இருக்கு, இப்ப எடுங்க.

180 நிமிஷம், 200 கேள்வி. கேள்விக்கு 54 விநாடின்னு எல்லாரும் சொல்லுவாங்க. அந்த 54 பொய். ஓஎம்ஆர் விடைத்தாள்ல ஒரு வட்டத்தை ஒழுங்கா நிரப்ப 5 விநாடின்னா 200க்கு ஏறக்குறைய 17 நிமிஷம். கணக்கு 25க்கு, ஒண்ணுக்கு 100 விநாடி வச்சா 42 நிமிஷம். மீதி 121 நிமிஷத்துல 175 கேள்வி. ஒண்ணுக்கு 41 விநாடி. வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில பத்தி படிக்கிறதும் இதுக்குள்ளதான்.

அந்த 17 நிமிஷத்தை நான் 2019ல மறந்தேன். செப்டம்பர் 1, ஞாயித்துக்கிழமை. எல்லா விடையையும் வினாத்தாள்ல டிக் பண்ணிட்டு, கடைசியில மொத்தமா நிரப்பலாம்னு வச்சிருந்தேன். மணி பார்த்தா இருபது நிமிஷம் பாக்கி. குனிஞ்சு நிரப்பிட்டே போறேன், 112ல நிமிர்ந்து பார்த்தா வினாத்தாள்ல 111. எங்கயோ ஒரு வரி தள்ளிப் போயிருக்கு. பின்னால தேடிப் பார்த்தா 88ல. 24 வட்டம். கருப்பு பால் பாயிண்ட் பேனா, அழிக்க வழியே இல்ல. அறைக்குள்ள மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டுச்சு. சில விடை தள்ளிப் போயும் தற்செயலா சரியாயிருக்கும்னு அப்புறம் ஒரு வாரம் மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஜெராக்ஸ் கடையில ஓஎம்ஆர் மாதிரித் தாள் ஒரு இருபது எடுத்து வைங்க. நேரம் வச்சுப் போடுற எல்லாத் தேர்வையும் அதுலதான் நிரப்பணும், பத்து கேள்விக்கு ஒரு தடவை. நான் 2022ல எழுதினப்ப ஏ, பி, சி, டி, ஈ ஒவ்வொண்ணும் எத்தனைன்னு எண்ணி எழுதற வேலையும் சேர்ந்துடுச்சு. விடை தெரியலைன்னா 'ஈ', எதையும் காலியா விடக் கூடாது. அதையும் வீட்டுலயே பழகுங்க. தப்புக்கு மார்க் குறைப்பு கிடையாது, அதனால ரெண்டு விடையைக் கழிக்க முடிஞ்சாக்கூட 'ஈ' பக்கம் போகாதீங்க.

15 ஜூன்

பீரோவைத் திறந்தோம். 2022 தாள், காலையில ஒன்பதரைக்கு ஆரம்பிச்சு, மாடியில தனியா. தம்பி 151. கணக்குல மட்டும் 25க்கு 13.

விஷயம் என்னன்னா, அவன் கணக்கை முதல்ல போட்டான். நான்தான் அப்படிச் சொன்னேன், மூளை புதுசா இருக்கும்போது போட்டுடுன்னு. எனக்கு அது ஒத்து வந்தது. அவன் ஆறாவது கேள்வியில மாட்டி, விடாம ஒன்பது நிமிஷம் மல்லுக்கட்டியிருக்கான், அப்புறம் பதட்டத்துல தமிழ்லயும் கை ஆடியிருக்கு. அடுத்த ஞாயிறு தமிழ், பொது அறிவு, கணக்குன்னு மாத்தி ஒரு மாதிரித் தேர்வு போடுறான். ரெண்டு நிமிஷம் தாண்டினா வினாத்தாள்ல நட்சத்திரம் போட்டுட்டு நகரணும். வரிசையில எதுவும் சத்தியம் இல்ல. நான் சொன்னதையும் கலந்தே எடுத்துக்கோங்க.

கேள்வி கேட்டவர் 142, 137ன்னு போட்டிருக்கார். ஏறிச்சா இறங்கிச்சான்னு கேக்கறார். ஜனவரியில எது இருந்தது, நீங்களே மேல போய்ப் பாருங்க!

6 ஜூலை

கடைசி வாரம். புதுக் கேள்வி ஒண்ணும் கிடையாது. 2024 தாளும் முடிஞ்சது, 158. இனி நோட்டு மட்டும். ஓரத்துல மூணு தேதிக்கு மேல விழுந்த கேள்விகளை மட்டும் எடுத்தான், 74 வந்துச்சு. ஒரு நாளைக்கு 15, அஞ்சு நாள்ல முடியும். வெள்ளிக்கிழமை ஒண்ணும் கிடையாது, பேனா வாங்கறது மட்டும்.

இன்னும் "ஆறு நாள்ல 3,000 கேள்வி"ன்னு காணொளி அனுப்புறவங்களுக்கு: அன்புக்கு நன்றி.

12 ஜூலை, சாயங்காலம்

வந்துட்டான். தமிழ் கஷ்டம்னு ஊரே புலம்புது, இவனும் புலம்பினான். கணக்கு 25ம் தொட்டானாம், மூணு நட்சத்திரம். ஓஎம்ஆர் தள்ளலையான்னு முதல்ல கேட்டேன். "அக்கா, சோறு போடு முதல்ல."

20 ஜூலை

தம்பி எத்தனை எடுப்பான்னு கேட்டு ஏழு செய்தி. இறுதி விடைக்குறிப்பு வராம நான் எண்ண மாட்டேன், அடிப்படைக் கடமை 10 எனக்கு இன்னும் மறக்கல.

குரூப் 2 அறிவிப்பும் வந்துடுச்சு. முதல்நிலைத் தேர்வு செப்டம்பர் 28, சரியா பத்து வாரம். ஆபீஸ் முடிஞ்சு வந்து நானும் உக்காரப் போறேன். தப்பு 15 வேலைக்கு ஆகாது, 8 வச்சிருக்கேன்.

ஒரு வேண்டுகோள். 12ந்தேதி வினாத்தாளை நான் இன்னும் கண்ணால பார்க்கல. அதுல இருக்கிற 25 கணக்கையும் செப்டம்பர் முதல் ஞாயிறு நேரம் வச்சுப் போடறதுக்காக மடிச்சு பீரோவுல வச்சிருக்கேன், இந்தத் தடவை சாவி தம்பிகிட்ட. அதனால யாரும் அந்தக் கேள்வியை இங்க எடுத்துப் போடாதீங்க. போட்டவர் ஏற்கனவே ஒருத்தர் இருக்கார், அந்தப் பகடைக் கேள்வியை அழிச்சிடுங்க. பாதி படிச்சுட்டேன்.